உத்தரம் இல்லாத வீடு

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், என் அம்மா இருப்பது எங்கள் ஆயா காலத்து ஓட்டு வீடு. கூடத்தின் குறுக்கே ஒரு உத்தரம் ஓடும். அதில் கட்டிய தூளியில்தான் என் மாமாக்கள் மூன்று பேரும், பிறகு நானும் தம்பியும் தூங்கி வளர்ந்தோம். கயிறு உரசி உரசி மரத்தில் ஒரு இடம் மட்டும் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கும். 2024 ஏப்ரலில் என் மகள் பிறந்தபோது, அம்மா பீரோவிலிருந்து இரண்டு பழைய நூல் புடவைகளை எடுத்துத் துவைத்து, அதே பள்ளத்தில் கயிற்றைப் போட்டுத் தூளி கட்டினார்.

நான்கு மாதம் பாப்பா அதில்தான் தூங்கினாள். பால் குடித்ததும் தூளியில் போடுவோம். அம்மா ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் கீரை ஆய்வார். ஐந்து நிமிடத்தில் கண் சொருகிவிடும். முனகினால், போகிற போக்கில் யாராவது ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுவார், மீன் கொண்டுவருகிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டுவார். வீடு நிறைய கைகள் இருந்தன. அப்போது எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி வந்தோம். ரெட்டியார்பாளையத்தில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. கான்கிரீட் தளம். ஃபேனுக்கு மட்டும்தான் கொக்கி. தளத்தில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் குடிவரும்போதே சொல்லியிருந்தார். நேரு வீதிக்குப் போய் இரும்பு ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் வாங்கிவந்தோம். ஸ்பிரிங் மேலும் கீழும்தான் குதிக்கும். உத்தரத்துத் தூளி போலப் பக்கவாட்டில் நீளமாக வீசாது. பாப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. பத்து நிமிடம் அழுவாள், இருபது நிமிடம் நான் ஆட்டுவேன், தூங்குவாள். முக்கால் மணி நேரத்தில் மறுபடி அழுகை. இரவு ஒன்பதுக்கு, பத்துக்கு, பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அப்புறம் பன்னிரண்டரைக்கு. விடியும்வரை இதே கணக்குதான்.

வீட்டில் மூன்று பெரியவர்கள். என் கணவர் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஏழு கிலோ பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க அவரால் முடியாது. எனக்குச் சட்டப்படி 26 வாரப் பிரசவ விடுப்பு. 2017 திருத்தத்துக்கு முன் அது 12 வாரமாகத்தான் இருந்தது. அதோடு என் கணக்கில் இருந்த ஒரு மாத விடுப்பையும் சேர்த்து நவம்பர் முதல் வாரம்வரை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பகலில் பாப்பாவை யார் ஆட்டுவது? வீட்டில் யாரும் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அத்தை ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தடவும்போது எனக்கு அதுதான் கேட்டது.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் ஒரு இரவு மூன்று மணிக்கு எனக்குப் பாப்பா மேல் கோபம் வந்தது. ஸ்பிரிங்கை இழுத்த கையில் ஒரு வேகம் வந்ததை நானே பார்த்தேன். உடனே கையை எடுத்துவிட்டேன். பாப்பாவைத் தூக்கிப் பாயில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, கணவரை எழுப்பி, "நீங்க பாத்துக்கோங்க, நான் மாடிக்குப் போறேன்" என்று சொல்லி மொட்டை மாடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தூங்காத தாய்க்கு இப்படி வரும். வந்தால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் படுக்க வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். அது கைவிடுவது ஆகாது. இந்தச் சோர்வு நாள் கணக்கில் நீடித்தால், அழுகையும் வெறுப்பும் போகவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

அடுத்த வாரம் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் எடை போட்டார், காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். வலியோ பசியோ இருந்து அழுகிற குழந்தைக்குத் தூக்கப் பழக்கம் பேசக் கூடாது என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், "ராத்திரி எப்படித் தூங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் விளக்கியதை நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரி வருகிற பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். கன்னியக்கோயில் தாண்டும்போது கண் அயர்ந்த ஆள், வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடுகிறவரை தூங்குவார். அரியாங்குப்பம் நெரிசலில் பஸ் நின்றதும் திடுக்கென்று முழித்துப் பார்ப்பார். ஆட்டத்தில் தூங்கியவருக்கு ஆட்டம் நிற்பதே எழுப்புகிற மணி. கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம், நமக்கு 90. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோருமே லேசாக மேலே வந்து போகிறோம். புரண்டு படுக்கிறோம், போர்வையை இழுக்கிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. பாப்பாவும் அப்படி மேலே வருகிறாள். தூங்கும்போது இருந்த ஆட்டம் இப்போது இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அழுவது. ஆக, இரவில் அவள் எழுந்திருப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. முதல் தடவை கண் மூடும்போது ஆட்டம் இல்லாமல் மூடப் பழகிவிட்டால், நடுராத்திரியிலும் அதே வழியில் அவளே திரும்பிப் போய்விடுவாள்.

தூளியைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். துணி வளைந்து குழியாவதால் சின்னக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் படிந்து மூச்சு தடைப்படலாம். புரளத் தொடங்கிய பிள்ளை தவறி விழலாம். தூளிப் புடவை கழுத்தில் இறுகிப் பிள்ளைகள் இறந்துபோன செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. விழித்திருக்கும் கண் ஒன்று பக்கத்தில் இருக்கிறவரைதான் தூளி. இரவெல்லாம் தூங்குவதற்கு மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்; அதற்குச் சமமான, அழுத்தினால் உள்வாங்காத படுக்கைதான் வேண்டும். தலையணை, பஞ்சு பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். அம்மா இருக்கிற அதே அறையில்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. ஏனென்றால் குழந்தை தானாகத் தூங்குவது என்று தேடினாலே எனக்குக் கிடைத்ததெல்லாம் தனி அறை, தனிக் கட்டில், சாத்திய கதவு, கடிகாரம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற குழந்தை மருத்துவர் 1985இல் எழுதிப் பரவலான முறை அது: குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வருவது, அழுதால் சில நிமிடம் பொறுத்துப் போய்ப் பார்ப்பது, அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அதைச் செய்கிற தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். 2016இல் ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், அப்படிப் பழக்கிய பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கழித்தும் தாயோடு இருக்கும் பிணைப்பில் குறைவு எதுவும் தெரியவில்லை. 43 என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் பயந்து கிடந்த எனக்கு அது ஆறுதல். ஆனால் எங்கள் வீட்டில் சாத்துவதற்குத் தனிக் கதவு இல்லை. நான்கு பேரும் இரண்டு அறைக்குள் படுக்கிறோம். என்னாலும் பாப்பாவை அழவிட்டு வெளியே நிற்க முடியாது. தானாகத் தூங்குவதும் தனியாகத் தூங்குவதும் வேறு வேறு என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், நம் வீட்டிலும் இது நடக்கும் என்று நம்பினேன்.

அந்த நாட்களில் தூங்கு என்ற சொல்லே என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய தமிழில் அதற்குத் தொங்குவது, அசைவது என்ற பொருளும் உண்டு. தூங்கணாங்குருவி என்கிறோமே, அது தூங்குமூஞ்சிக் குருவி இல்லை; பனை ஓலையில் தொங்குகிற கூட்டைக் கட்டுகிற குருவி. வானத்தில் தொங்கிய கோட்டையைத் தூங்கெயில் என்றார்கள். அப்படியென்றால் நாம் தூளியில் போட்டு ஆட்டியே தூங்கி வந்த சனம், மொழியிலேயே அது இருக்கிறது என்று எனக்கு முதலில் மலைப்பாக இருந்தது. அப்புறம் தாலாட்டு நினைவுக்கு வந்தது. தால் என்றால் நாக்கு. தாலாட்டு என்பது நாக்கை ஆட்டுவது. பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரைக்கு அடுத்து வருகிற பருவம் தால். தூளி இல்லாமல் போனாலும் தாலாட்டு போகாது, அதற்கு உத்தரம் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு இது தோன்றியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைந்தது. விஜயதசமி முடிந்த திங்கட்கிழமை, அக்டோபர் 14 அன்று தொடங்கினோம். "எழுத்துக்கு முன்னாடி தூக்கம் படிக்கிறா எங்க பேத்தி" என்று அத்தை அவள் நெற்றியில் விபூதி வைத்தார்.

ராத்திரிக்கு முன்னால் பகலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலை ஆறரைக்கு எழுப்பி வெளிச்சத்தில் வைத்திருப்போம். உடம்புக்குள் இருக்கிற இரவு பகல் கணக்கு பிறந்த மூன்று நான்கு மாதத்தில்தான் பிடிபடத் தொடங்குகிறது. அதற்கு வெளிச்சமும் இருட்டும்தான் வாத்தியார். ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மணி நேரம். கண்ணைத் தேய்த்தால், காதை இழுத்தால், பார்வை எங்கோ நிலைகுத்தி நின்றால் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதைத் தாண்டவிட்டால் அசதியிலேயே வெறி பிடித்த மாதிரி அழுவாள்.

மாலை விளக்கு வைத்த பிறகு எல்லாம் ஒரே வரிசை. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, கால் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நூல் சட்டை போட்டு, பால் கொடுத்து, விளக்கை அணைத்து, பாட்டு. 405 தாய்மார்களை வைத்து 2009இல் வெளிவந்த ஒரு ஆய்வில், இப்படி ஒரு வரிசையை இரண்டு வாரம் மாறாமல் கடைப்பிடித்ததற்கே குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், தாயின் மனநிலையும் தேறியது. எங்களுக்கு இதில் முக்கியமானது ஒரு சின்ன மாற்றம். முன்பு பால் குடித்தபடியே கண் மூடுவாள். இப்போது பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே பாட்டை வைத்தோம். பாட்டு முடியும்போது கண் கனத்திருக்கும், ஆனால் மூடியிருக்காது. அப்போது கீழே விட வேண்டும். இந்த ஒரு கணத்தைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அத்தை செய்ததையும் சொல்ல வேண்டும். ஏழரையிலிருந்து பத்துவரை அவர் சீரியல் பார்க்கிற நேரம். நான் வாய் திறந்து கேட்கவில்லை. முதல் நாளே டிவியை அணைத்துவிட்டு, "நாளைக்கு மத்தியானம் போன்ல பாத்துக்குறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கூடத்து விளக்கையும் அணைத்தார். வீட்டில் பெரியவர்கள் ஒத்துழைக்காமல் இது நடக்காது.

முதல் இரவு. என் பாய்க்குப் பக்கத்தில் தனியாக விரித்த கெட்டியான மெத்தையில் பாப்பா, மேலே குடை கொசுவலை. கொசுவை ஆராய்வதற்கென்றே 1975இலிருந்து ஒரு மத்திய நிறுவனம் இருக்கிற ஊர் இது, வலை இல்லாமல் முடியாது. நான் வலைக்குள் கையை விட்டு அவள் நெஞ்சில் வைத்தேன். அழுதாள். தூக்கவில்லை. "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டிக்கொடுத்தேன். மூச்சு முட்டுகிற அளவுக்கு அழுகை ஏறியபோது இரண்டு முறை தூக்கித் தோளில் சாய்த்து, அடங்கியதும் மறுபடி கிடத்தினேன். 42 நிமிடம். என் ரவிக்கை வேர்வையில் நனைந்துவிட்டது. நடுவில் ஓ.டி.யிலிருந்து போன். எடுத்திருக்கக் கூடாது.

"ஏண்டி, புள்ள அப்படி அழுவுது? தூக்குடி முதல்ல."

"பக்கத்துலதாம்மா இருக்கேன். கைய நெஞ்சுல வெச்சிருக்கேன்."

"நெஞ்சுல கை வெச்சா போதுமா? உரம் விழுந்திருக்கும், கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு. வசம்ப சுட்டு உரசி நாக்குல தடவு."

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பேர். அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தார். ஆனால் குழந்தைக்கு அதை உள்ளே கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அம்மாவிடம் அதை விளக்கப் பொறுமை இல்லாமல் போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அம்மா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "பாட்டு பாடுறல்ல?" பாடுகிறேன் என்றேன். "அப்ப சரி."

இரண்டாம் இரவு இன்னும் மோசம், 50 நிமிடம். எதிர்பார்த்ததுதான் என்றாலும் அன்று கைவிட இருந்தேன். மூன்றாம் இரவு 25. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமும் கொஞ்சம் உதவியிருக்கும். நான்காம் இரவு பத்து நிமிடம் முனகல். ஐந்தாம் இரவு என் கணவர் படுக்க வைத்தார். பால் வாசம் இல்லாத ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குப் பால் நினைப்பு வராது. அவருக்குத் தாலாட்டு தெரியாது. ஒன்றிலிருந்து நூறுவரை மெதுவாக, ஒரே குரலில் எண்ணினார். அறுபதைத் தாண்டியதும் உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் பாப்பா தூங்குகிறாள், அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கையை எடுப்பதைத்தான் மெல்ல மெல்லச் செய்தோம். முதலில் தட்டுவதை நிறுத்திக் கையை மட்டும் வைத்திருந்தேன். அப்புறம் தூங்குவதற்குக் கொஞ்சம் முன்பே கையை எடுத்தேன். அடுத்து வலைக்கு வெளியே உட்கார்ந்தேன், பிறகு சுவரோரம். சுவரோரம் போவதற்குள் இரண்டரை வாரம் ஆகிவிட்டது. இரவுப் பாலை நிறுத்தவில்லை. பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் உண்மையாகவே பசித்துத்தான் எழுந்தாள், கொடுத்தேன். மற்ற நேரத்தில் முனகினால் உடனே பாயாமல் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். முனகலுக்கும் அழைப்புக்கும் வித்தியாசம் உண்டு. கூர்ந்து கேட்டால் தெரிந்துவிடும். பல இரவு அவள் கையைச் சூப்பிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் உருட்டி, மறுபடி தூங்கிவிட்டாள். அதைக் கொசுவலை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். ஆறு மாதப் பிள்ளை, தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறது.

நான்கு மாதம் நிறையாத குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்திருந்தால், எடை ஏறாமல் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள். காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், பல் முளைக்கிற வலி, இந்த நாட்களில் தூக்கிக்கொள்ளுங்கள்; பழகியது எங்கும் போய்விடாது. ஃபோனில் படம் காட்டித் தூங்க வைப்பதை மட்டும் எந்த நாளிலும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பழகியது எங்கும் போகாது என்பதை நவம்பர் 30 அன்று சோதித்துப் பார்க்க வேண்டிவந்தது. நான் வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பகல் தூக்கத்துக்கு அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடிக் கிடத்திக்கொண்டிருந்தார். அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்டு இல்லை, ஃபேன் இல்லை, கீழ்வீட்டுக் குடும்பமும் எங்கள் கூடத்தில். காற்றின் ஊளையில் பாப்பா மிரண்டு போனாள். மூன்று ராத்திரி அவளை நெஞ்சிலேயே போட்டுக்கொண்டு, முறை வைத்து விழித்திருந்தோம். அதற்குள் தென்பெண்ணை பெருகி, கடலூர் ரோட்டிலும் தண்ணீர் ஏறி, அம்மாவைப் போய்ப் பார்க்கவும் முடியவில்லை. கரண்டு வந்த பிறகு மறுபடி துடைத்து, எண்ணெய் தடவி, பால், விளக்கு, பாட்டு. முதல் இரவு அரை மணி நேரம் அழுதாள். நான்காம் இரவு பழையபடி ஆகிவிட்டாள்.

பொங்கலுக்கு ஓ.டி.க்குப் போனோம். அம்மா ஆசை ஆசையாகத் தூளி கட்டி வைத்திருந்தார். பகலில் அதில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆட்டினார். ஒன்பது மாதப் பாப்பாவுக்கு அது ஊஞ்சல். கெக்கலி கொட்டிச் சிரித்தாள். இரவு அம்மாவே புடவையைச் சுருட்டி உத்தரத்தின் மேல் போட்டுவிட்டு, கூடத்தில் மெத்தையை விரித்து வலையை வைத்து, விளக்கை அணைத்து, பாப்பாவைக் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். எனக்குப் பாடிய அதே பாட்டு, ஒவ்வொரு மாமனின் பேரும் வரிசையாக வரும். பாப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது மாமன் பேர் வந்தபோது மூச்சு சீராகிவிட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பாட்டில் இன்னும் ஒரு மாமன் மிச்சம் இருந்தார். அம்மா அவரையும் பாடிவிட்டுத்தான் எழுந்தார்.